பதினேழு அம்பு ஒட்டிய டேப்

என் மனைவிக்கு எதையும் ஒரு கை நீளம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால்தான் திருப்தி. கடையில் வாங்குகிற தக்காளி, தபாலில் வருகிற கடிதம், எங்கள் மகள் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன பையனின் போட்டோ, எல்லாமே முதலில் அந்தத் தூரத்துக்குப் போய்விடும். பிறகு இடது மூலையில் தொடங்கி அவள் கண் ஒரு சுற்று வரும். சட்டை தைக்கிற கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகப் பைனல் செக்கிங் மேசையில் நிற்கிறாள். ஒரு நாளைக்கு ஐந்நூறு சட்டை. விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, பொத்தான் துளையில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். ஒரே சட்டையில் மூன்று அம்பு விழுந்துவிட்டால் அதற்கு மேல் பார்க்க மாட்டாள். தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவாள். கம்பெனியில் அவளுக்கு ‘ரிஜெக்ட் அக்கா’ என்று பெயர். அது அவள் காதுக்கும் வந்தது. கவலைப்படவில்லை.

“பாஸ் பண்ணி விட்டா அதுல என் நம்பர்தான் இருக்கும். திரும்பி வந்தா என் மேசைக்குத்தான் வரும்,” என்பாள்.

இப்படிப்பட்டவளைக் கூட்டிக்கொண்டு, அடிபட்டு நசுங்கிய ஒரு பழைய டேப்லெட்டை வாங்கலாமா வேண்டாமா என்று பார்க்கப் போனேன். என் புத்தியை என்ன சொல்ல.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டில் எனக்கு ‘மைக்’ என்று பெயர். எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று நாள் முழுக்க அறிவிக்கிற வேலை. மைக் செட் கெட்டுப்போன நாட்களில் வெளியே வந்து நின்று கத்துவேன், கடைசி மேடை வரைக்கும் கேட்கும். பதினான்கு மாதத்துக்கு முன்பு தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தேன், குரல் போய்விட்டது. இப்போது கழுத்தில் இருக்கிற ஓட்டை வழியாகத்தான் மூச்சு. அதன் மேல் ஒரு துணி. மூக்கு வழியாக மூச்சு இழுக்காததால் வாசனையும் அவ்வளவாகத் தெரியாது. பேச வேண்டுமென்றால் ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதிக் காட்டுவேன். ஒருவன் வாய்க்கு வந்ததைப் பேசியே ஐம்பது வயது வரை வாழ்ந்துவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு வார்த்தைக்கும் மார்க்கர் மூடியைத் திறக்க வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது யோசித்துப் பாருங்கள்.

டெப்போ மேனேஜர் நல்ல மனுஷன். விசாரணைக் கவுன்ட்டர் காலியாகிறது என்று சொல்லி அனுப்பினார். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு என் பலகையை வாசிக்கப் பொறுமை இருக்காது. வாசிக்கத் தெரியாதவர்களும் வருவார்கள். “டைப் பண்ணினா பேசற மெஷின் எல்லாம் வந்திருக்காமே. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்து காட்டுங்க. அதுக்கு மேல என்னால இடத்தைப் பிடிச்சு வைக்க முடியாது,” என்றார். மகள் அவளுடைய போனில் எழுதினால் பேசுகிற நிரல் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். போனில் எழுத்து பொடியாக இருந்தது, என் விரலோ தடி. ‘க’ அடித்தால் ‘ங’ விழுந்தது. பஸ் இன்ஜின் சத்தத்தில் போனின் சத்தம் அமுங்கியும் போனது. பெரிய திரையும் உரத்த சத்தமும் உள்ள டேப் ஒன்று வேண்டும். புதுசு வாங்க வக்கில்லை. பழசு தேடினோம்.

மூன்று பார்த்தோம். முதலாவது பளபளவென்று இருந்தது. “இவ்வளவு சுத்தமா இருக்குன்னா எதையோ துடைச்சிருக்காங்க,” என்று என் மனைவி வேண்டாம் என்றாள். இரண்டாவதை விற்க வந்தவன் கேட்டவுடனே விலையைக் குறைத்தான். “குறைக்கச் சொன்னா கொஞ்சமாவது மூஞ்சியச் சுளிக்க வேணாமா? இவன் சிரிக்கிறான்,” என்று அதையும் விட்டாள். மூன்றாவதில் என்ன குறை என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. நான் அதில் ஏதாவது எழுதிப் பார்க்கலாம் என்று கையை நீட்டியபோது, நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டாள். அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து அவள் நேராகக் கடைக்கு வந்தாள். போன் ரிப்பேர் கடைகள் வரிசையாக இருக்கிற சந்தில் ஏழடி அகலத்தில் ஒரு கடை. கடைக்காரருக்கு அந்தச் சந்தில் ‘கண்ணாடிக்காரர்’ என்று பெயர். உடைந்த போன் கண்ணாடியை மாற்றுவதில் கெட்டிக்காரர். அவர் ஒரு டேப்பை எடுத்துக் கவுன்ட்டர் மேல் வைத்தார். பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மூலை நசுங்கி உள்ளே போயிருந்தது. கண்ணாடியின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். முதுகுப் பக்கத்தில் கீறல் இல்லாத இடமே இல்லை.

“பாக்கத்தான் அண்ணே இப்படி. உள்ள ஒரு குறையும் கிடையாது,” என்றார் கண்ணாடிக்காரர்.

“உள்ள குறை இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் என் மனைவி.

“திறந்து பாத்தேன் அக்கா. திறந்து பாக்கறதுதானே என் வேலை.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “கேட்ட உடனே பதில் வருது பாருங்க. தயாரா வெச்சிருக்காரு,” என்றாள். அவர் காதில் விழும்படிதான் சொன்னாள்.

பிறகு ஆரம்பித்தாள். கைப்பையிலிருந்து அம்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். அது எப்போதும் அவள் பையில் கிடக்கும். டேப்பைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். இடது மூலை நசுங்கலுக்கு ஒரு அம்பு. விரிசலுக்கு ஒன்று. விரிசல் முடிகிற இடத்துக்கு இன்னொன்று. மூன்று ஆகிவிட்டது, எழுந்துவிடுவாள் என்று நான் பலகையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவள் எழவில்லை. திருப்பிப் போட்டாள். முதுகுக் கீறல்களுக்கு ஒட்ட ஆரம்பித்தாள்.

“அக்கா, இது சட்டை இல்ல,” என்றார் கண்ணாடிக்காரர்.

“தெரியுது. சட்டைன்னா எங்க தெச்சதுன்னு உள்ள போட்டிருக்கும். இது எங்க இருந்து வந்துச்சு?”

ஒரு பார்சல் கம்பெனி தன் ஆட்களுக்குக் கொடுத்திருந்த டேப்களை மொத்தமாக விற்றுவிட்டதாகவும், வண்டியில் போகும்போதும் வரும்போதும் கீழே போட்டுப் போட்டு இப்படி ஆகிவிட்டதாகவும் அவர் சொன்னார். மற்றதெல்லாம் போய்விட்டது, இது ஒன்றுதான் மிச்சம் என்றார்.

“மத்ததெல்லாம் ஏன் போச்சு, இது மட்டும் ஏன் மிச்சம்?”

“மூலை நசுங்கினதால யாரும் எடுக்கல.”

“திருட்டுச் சாமானா இருந்தாலும் யாரும் எடுக்க மாட்டாங்க.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து பார்சல் கம்பெனி கொடுத்த ரசீதை எடுத்துக் காட்டினார். அதில் ஒவ்வொரு டேப்பின் நம்பரும் வரிசையாக இருந்தது. அவள் டேப்பின் முதுகில் இருந்த நம்பரை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். சரியாக இருந்தது. “சரியாத்தான் இருக்கு,” என்றாள். ஏதோ கெட்ட செய்தி சொல்வதுபோல இருந்தது அது.

அவர் டீ சொல்லட்டுமா என்று கேட்டார். எதுக்கு டீ என்று கேட்டாள். பிறகு டேப்பை மூக்குக்கு அருகே கொண்டுபோய், சார்ஜர் செருகுகிற துளையை முகர்ந்தாள். தண்ணீரில் விழுந்திருந்தால் வாடை வரும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வாடை இல்லை. சார்ஜரைச் செருகினாள், ஏறியது. பிடுங்கினாள், நின்றது. வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழாக, ஒரு இடம் விடாமல், துணியைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டே போனாள். கேமராவில் கண்ணாடிக்காரரைப் படம் எடுத்தாள், அவர் சம்மதம் கேட்காமலே. படம் நன்றாக வந்தது. அதற்கும் அவள் முகம் மலரவில்லை.

நான் பலகையில் எழுதினேன்: ‘பேச வெச்சுப் பாரு.’

“இருங்க,” என்றாள்.

சூடாகிறதா என்று பத்து நிமிஷம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி பலகையைத் தட்டிக் காட்டினேன். கண்ணாடிக்காரரும், “ஸ்பீக்கர் பாத்துடலாமா அக்கா? அண்ணனுக்கு அதுதானே முக்கியம்,” என்றார்.

“நாங்க கண்ணால பாக்கறவங்க. அத அப்புறம் பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, டேப்பின் அடிப்பக்கத்தில் பதினேழாவது அம்பை ஒட்டினாள்.

அங்கேதான் எனக்கு மூக்கில் வியர்த்தது. மூன்று அம்பில் முடிக்கிறவள் எதற்குப் பதினேழு வரைக்கும் போகிறாள்? வேண்டாம் என்றால் அப்போதே எழுந்திருக்கலாம். வேண்டும் என்றால் பேச வைத்துப் பார்த்திருக்கலாம். இரண்டும் இல்லாமல் இழுக்கிறாள். மூன்றாவது டேப்பில் நான் கையை நீட்டியபோது எழுந்தது ஞாபகம் வந்தது. போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா எங்கள் வாசலில் நின்று, “இப்பல்லாம் உங்க வீட்ல ஆள் இருக்கறதே தெரியல,” என்று சொன்னபோது இவள் சிரித்ததும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தேன், கணக்கு ஒரே இடத்துக்குத்தான் வந்தது. இவள் சந்தேகப்படுவது டேப்பை இல்லை. எனக்குக் குரல் வந்துவிடக் கூடாது என்று பார்க்கிறாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளை சாயங்காலத்தோடு அந்தக் கவுன்ட்டர் வேறொருவனுக்குப் போய்விடும். இவள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம். மார்க்கர் மூடியைப் பல்லால் பிடுங்கினேன். பலகை நிறையப் பெரிய எழுத்தில் எழுதி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

‘நான் பேசவே கூடாது. அதானே உனக்கு வேணும்?’

கண்ணாடிக்காரரும் வாசித்துவிட்டார். உடனே குனிந்து மேசைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

அவள் இல்லை என்று சொல்வாள், அழுவாள், கத்துவாள் என்று எதற்கும் தயாராக இருந்தேன். அவள் பலகையை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஆமா,” என்றாள்.

மார்க்கர் மூடி இன்னும் என் பல்லிடுக்கில் இருந்தது.

“பயமா இருக்குங்க. இருபத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டுல கத்தற அதே குரல்லதான் வீட்லயும் பேசினீங்க. உப்பு பத்தலன்னாலும் அந்தக் குரல்தான், சாவி காணோம்னாலும் அந்தக் குரல்தான். கம்பெனியில அவ்வளவு மெஷின் ஓடுது, அந்தச் சத்தம் எனக்கு ஒண்ணும் செய்யாது. சாயங்காலம் நம்ம வாசல்ல வந்து செருப்பக் கழட்டிட்டு உள்ள வராம அங்கயே நிப்பேன். இன்னைக்கு என்னத்துக்குத் திட்டு விழப்போகுதோன்னு.”

அவள் மெதுவாகத்தான் பேசினாள். கடைக்கு வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது, அது போகும் வரைக்கும் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள்.

“ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்புறம் நீங்க எழுத ஆரம்பிச்சீங்க. திட்டணும்னா மார்க்கர் தேடணும். கிடைச்சாலும் மூடியத் திறக்கணும். அதுக்குள்ள பாதிக் கோவம் போயிடும். ஒரு நாள் நான் ஷிப்ட் முடிஞ்சு வந்தப்ப, ‘கால் வலிக்குதா’ன்னு எழுதிக் காட்டினீங்க. பத்தொன்பது வருஷமா நின்னுக்கிட்டே வேலை பாக்கறேன். அன்னைக்குத்தான் கேட்டீங்க. அந்தப் பலகைய ரெண்டு நாள் அழிக்காம வெச்சிருந்தேன். நீங்க அதுக்கும், பலகையத் துடைக்கக்கூட உனக்குக் கை வரலையான்னு பேப்பர்ல எழுதித் திட்டினீங்க.”

மேசைக்கு அடியில் கண்ணாடிக்காரரின் தேடல் நின்றுபோயிருந்தது.

“இந்த டேப்புல ஒரு குறையும் இல்ல. முதல் அஞ்சு நிமிஷத்துலயே தெரிஞ்சுபோச்சு. வேற ஏதாவது காரணம் கிடைக்குமான்னுதான் தேடிக்கிட்டிருந்தேன்,” என்றாள்.

நான் பதில் சொல்ல வேண்டும். பலகை அவள் மடியில் இருந்தது. கண்ணாடிக்காரர் எழுந்தார். டேப்பை எடுத்து, எழுதினால் பேசுகிற அந்த நிரலைத் திறந்து, சத்தத்தை முழுவதுமாகக் கூட்டி, என் பக்கம் நகர்த்தினார். “இதுல அடிங்க அண்ணே. ஸ்பீக்கர் பாத்த மாதிரியும் ஆச்சு,” என்றார்.

அந்த நேரத்தில் நான் நல்லதாக நாலு வார்த்தை அடித்தேன் என்று இங்கே எழுதிக்கொள்ள ஆசைதான். எழுதுகிறவன் நான். மாற்றிச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் கண்ணாடிக்காரர் இன்னும் அதே சந்தில் கடை வைத்திருக்கிறார். ஒரு கடைக்காரன் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாளே என்ற எரிச்சல் மட்டும்தான் அப்போது எனக்கு இருந்தது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது. திரை பெரிது, எழுத்து பெரிது, விரல் தடுமாறவே இல்லை. அடித்துவிட்டு அழுத்தினேன்.

டேப் பேசியது. ஒரு பெண்ணின் குரல். செய்தி வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாக, கடை அதிரப் பேசியது.

“பதினாலு மாசமா வாய் இல்லாம கெடக்கேன். நாளைக்கு அந்த வேலையும் போனா உனக்கு நிம்மதிதான். ஸ்டிக்கர் ஒட்டறதத் தவிர உனக்கு என்ன தெரியும். அறிவு கெட்டவளே.”

கடைசி வசவுக்கு முன்னால் அது ஒரு சின்ன இடைவெளி விட்டது. நான் வைத்த முற்றுப்புள்ளிக்காக.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு என் வார்த்தை சத்தமாக வெளியே வந்து நான் கேட்டது அதுதான். கேட்டதும் எனக்குக் கூசிப்போனது. என் தொண்டையிலிருந்து வந்தபோதெல்லாம் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. அன்றைக்கு நானும் எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்டேன்.

அவள் தலையைச் சாய்த்து, கடைசி வரைக்கும் கேட்டாள்.

“குரல்தான் வேற. வார்த்தை அதேதான்,” என்றாள். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்து, “சத்தம் நல்லா இருக்கு. பஸ் ஸ்டாண்டுல கேக்கும். பில்லு போடுங்க,” என்றாள்.

நான் நம்பவில்லை. இதில் வேறு ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு அம்பாக உரிக்க ஆரம்பித்தாள். பசை ஒட்டிய இடத்தைப் புடவை முனையால் துடைத்தாள். விலை பேசவில்லை. கண்ணாடிக்காரர் தாமாகக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அதை மட்டும் ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பலகையைத் துடைத்து என்னிடம் கொடுத்தாள். நான் மார்க்கரைத் திறந்தேன். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் ‘மன்னிச்சுடு’ என்ற ஒரு வார்த்தைதான் நின்றது.

அவள் வாசித்தாள்.

“இத எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு பாத்தீங்களா?” என்றாள். “அந்த நேரந்தாங்க எனக்கு வேணும். டேப்ப கவுன்ட்டர்லயே வெச்சுக்கோங்க. ஊருக்கெல்லாம் அதுல பேசுங்க. வீட்டுக்கு மட்டும் கொண்டு வர வேணாம்.”

சரி என்று தலையை ஆட்டினேன். மனசாரத்தான் ஆட்டினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தலைய ஆட்டினா ஆச்சா? எழுதிக் குடுங்க.”

பலகையை எடுத்தேன்.

“அதுல வேணாம். அழிஞ்சுடும். பேனாவுல.”

கண்ணாடிக்காரர் பில்லையும் பேனாவையும் நீட்டினார். பில்லின் பின்பக்கத்தில், ‘இந்த டேப் வேலை செய்யும் இடத்தில்தான் இருக்கும், வீட்டுக்கு வராது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் இரண்டு முறை வாசித்தாள். மடிக்கப் போனவள் நிறுத்திவிட்டு, அதைக் கவுன்ட்டர் மேல் வைத்துக் கண்ணாடிக்காரர் பக்கம் தள்ளினாள்.

“சாட்சிக்கு நீங்க ஒண்ணு போடுங்க,” என்றாள்.

அவர் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் பேனாவை அவரிடம் நீட்டினேன்.